ரிவால்வருக்கு எட்டு நிமிஷக் குளியல்

சைகமோர் வளைவு முகாமில் 1860ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த எந்தப் பொருளும் கண்ணில் படக்கூடாது. பழங்காலக் கருமருந்துத் துப்பாக்கிகளைச் சுடும் சங்கத்தின் முதல் விதி அது. ஜீன்ஸ் கூடாது, ஜிப் கூடாது, பிளாஸ்டிக் தட்டு கூடாது. ஆற்றோரமாக நீல நிறத்தில் வரிசையாக நிற்கும் கழிவறைப் பெட்டிகளுக்கு மட்டும் எந்த ஆண்டு என்று யாரும் கேட்டதில்லை. காது கேட்கும் கருவியும் மாற்று முழங்காலும் சர்க்கரை ஊசியும் 1860க்கு முந்தையவை என்று நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. உறுப்பினர்களின் சராசரி வயது அறுபத்தேழு. வரலாறு கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும்.

வில்டாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷமாக மசித்த உருளைக்கிழங்கை அள்ளி அள்ளித் தட்டில் வைத்தவள். அந்த உருளைக்கிழங்குகள் எல்லாம் சேர்ந்து அவளுடைய வலது கட்டைவிரல் மூட்டைத் தின்றுவிட்டன. அக்டோபர் ஒன்பதாம் தேதி டாக்டர் அந்த மூட்டை ஒரு திருகாணி வைத்து இறுக்கப் போகிறார். வலி போய்விடும், ஆனால் விரல் மடங்காது என்று சொல்லியிருந்தார். மடங்காத கட்டைவிரலால் ரிவால்வரின் சுத்தியலைப் பின்னால் இழுக்க முடியாது. ஆக, இந்த செப்டம்பர் போட்டிதான் அவள் சுடும் கடைசிப் போட்டி.

அந்தக் கடைசிப் போட்டியில், சனிக்கிழமை மாலை, முப்பது குண்டு முடிந்த கணக்கில் அவள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. பின்னால் இருந்தவர் சங்கத்தின் கேப்டன் எவரெட் டங்கிள். பதினொரு வருஷமாக வார்ப்பிரும்புச் சட்டியைப் பரிசாக வாங்கி வாங்கி, வீட்டில் ஆணியில் மாட்ட இடமில்லாமல் கராஜில் அடுக்கி வைத்திருப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை மிச்ச முப்பது குண்டைச் சுடுவதற்கு வில்டாவுக்கு ஒரே ஒரு தடைதான் இருந்தது. கருமருந்துத் துப்பாக்கியைச் சுட்டால் போதாது, சுட்ட அன்றே கழுவ வேண்டும். விட்டுவைத்தால் மருந்துக்கரி விடிவதற்குள் இரும்பை அரிக்க ஆரம்பித்துவிடும். காலையில் சோதனைக்குழு வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றிக் குழலுக்குள் விட்டுப் பார்க்கும். துணி கறுத்து வந்தால் அந்தத் துப்பாக்கி சுடும் கோட்டில் நிற்க முடியாது.

கழுவுவது எப்படி என்று கேப்டன் எவரெட் ஒவ்வொரு வருஷமும் புது உறுப்பினர்களுக்கு நாற்பது நிமிஷம் பாடம் எடுப்பார்.

"வெந்நீரு, துணி, தோள்பட்டை. இந்த மூணுக்கு மேல நாலாவதா ஒண்ணு எவனாவது சொன்னான்னா, அவன் உங்க கிட்ட எதையோ விக்க வந்திருக்கான். அப்புறம், சோப்பு? சோப்பு குழலுக்குள்ள போகவே கூடாது. இருபது வருஷமா பன்றிக்கொழுப்பும் தேன்மெழுகும் ஊறி ஊறிப் பதமான குழல் இது. சோப்பு பட்டா அத்தனையும் போச்சு."

இதைச் சொல்லும்போது அவர் வெறுங்கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். துப்பாக்கி கையில் இருக்காது. அது கூடாரத்துக்குப் பின்னால், அவர் மனைவி ஓப்பலின் வாளிக்குள் இருக்கும்.

வில்டாவுக்கு வெந்நீரும் துணியும் இருந்தன. தோள்பட்டையும் இருந்தது. கட்டைவிரல்தான் இல்லை. போன வருஷம் குழலுக்குள் குச்சியை இழுத்து இழுத்து, ராத்திரி முழுக்கக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். அதனால் இந்த வருஷம் "சோளமாவு" என்று பெயின்டில் எழுதிய மரப்பெட்டிக்குள் ஒரு குற்றத்தை ஒளித்துக் கொண்டு வந்திருந்தாள்.

குற்றம் ரொட்டிப்பெட்டி அளவுதான் இருந்தது. நகைக்கடையில் மோதிரம் கழுவுகிற அல்ட்ராசோனிக் தொட்டி, பேட்டரியில் ஓடுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு விட்டு, மரப்பிடியைக் கழற்றிவிட்டு, ரிவால்வரைப் பாகம் பாகமாகக் கம்பிக் கூடையில் வைத்து இறக்கினால் போதும். காதுக்கு எட்டாத ஒலி தண்ணீரை நடுங்க வைக்கும். திருகாணி மறையிலிருந்தும், ஊசி நுழையாத சந்திலிருந்தும் கரி தானாகவே புகைபோல எழும்பி வரும். எட்டு நிமிஷம். பிறகு கொதிநீரில் ஒரு முக்கு, துடைப்பு, உடனே எண்ணெய். எண்ணெயை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அந்தத் தொட்டி அழுக்கை எடுக்கும் வேகத்தில் இரும்பின் மேல் இருக்கும் கடைசி எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். அம்மணமான இரும்பு காற்றுப் பட்டால் பட்ட நிமிஷமே துருப் பிடிக்கும்.

வில்டா தன் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுப் பூட்டி முடித்தாள். விரல் ஒரு முனகல்கூட முனகவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கூடார வாசலில் மூன்று நாய்கள் உட்கார்ந்திருந்தன.

காதுக்கு எட்டாத ஒலி என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. யார் காதுக்கு என்று எழுதவில்லை.

"போங்கடா," என்றாள். நடுவில் இருந்தது கேப்டனின் வேட்டைநாய், பெயர் கர்னல். தலையைச் சாய்த்து அவளைப் பார்த்து ஒரு தடவை ஊளையிட்டது.

கர்னலைத் தேடிக்கொண்டு ஓப்பல் வந்தாள். ஒரு கையில் வாளி, மற்றக் கையில் துணிமூட்டை. முப்பத்தொரு வருஷக் கொதிநீரில் அவள் விரல்நுனிகள் வெடித்து, வெடிப்புக்குள் கரி இறங்கி, கைரேகை வரைபடம் போலத் தெரிந்தது. அவள் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். அதில் எரிந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

கேப்டனின் மனைவியே நேரில் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

"எவ்வளவு நேரம்?" என்றாள் ஓப்பல்.

"என்ன?"

"உள்ள போட்டா, எவ்வளவு நேரம் ஆகும்?"

"எட்டு நிமிஷம்."

ஓப்பலின் உதடு அசைந்தது. முப்பத்தொரு வருஷம், வருஷத்துக்கு எத்தனை போட்டி, போட்டிக்கு ஒன்றரை மணி நேரம் என்று பெருக்கிக்கொண்டிருந்தாளோ என்னவோ. பிறகு வாளியைத் தரையில் வைத்தாள்.

"இதையும் போடேன்."

மூட்டையில் இருந்தது கேப்டனின் ரிவால்வர். ஓப்பல் அதைப் பாகம் பாகமாகப் பிரித்த வேகம் வில்டாவுக்குக்கூட வராது. வெள்ளிக் கழுகு பதித்த வால்நட் பிடியைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சோப்புத் தண்ணியாச்சே இது? பதமான குழல்னு கேப்டன்..."

"பதமா?" ஓப்பல் சிரித்தாள். "முப்பத்தொரு வருஷமா நான் பாத்திரச் சோப்புலதான் கழுவறேன். எலுமிச்சை வாசனை. அந்த மனுஷன் மோந்து பாத்துட்டு, 'தேன்மெழுகு வாசனை பாரு'ன்னுவாரு."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்ததில் நாய்களை மறந்துவிட்டார்கள். மூன்று நாய்கள் பதினொன்றாகியிருந்தன. முகாமில் இருந்த அத்தனை நாய்களும் சோளமாவுப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஊளையிட்டன. ரிவால்வர் தொட்டிக்குள் போய் ஆறு நிமிஷம் ஆகியிருந்தபோது கேப்டன் எவரெட் குழுவோடு வந்து சேர்ந்தார்.

"பெட்டிக்குள்ள என்ன, வில்டா?"

"சோளமாவு, கேப்டன்."

"சோளமாவு எதுக்குப் பச்சை விளக்கு போட்டுக்கிட்டு ரீங்காரம் பண்ணுது?"

மூடியைத் திறந்தார். கறுப்புத் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. பாம்பைப் பார்த்தவர் போல ஒரு அடி பின்னால் போனார். பிறகு கூடையைத் தூக்கித் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மரக்கட்டையின் மேல் வைத்தார்.

"சாட்சிப் பொருள். யாரும் தொடக்கூடாது. குழு இங்கயே கூடுது."

சங்கத்தின் விசாரணை முறை எளிமையானது. துப்பாக்கிக்குள் மருந்தை இடிக்கும் கோல் ஒன்று கைமாறும். கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், இஷ்டப்பட்ட நேரம் வரைக்கும் பேசலாம். குற்றம் சாட்டப்பட்டவர் கடைசியில்தான் பேச வேண்டும். ஐந்து பேர் பேசி முடித்த பிறகு அவர் சொல்வதைக் கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது என்பது இந்த முறையின் சிறப்பு.

"எவரெட்," என்றாள் ஓப்பல். "அதை முதல்ல தொடைக்கணும்."

"ஓப்பல், குழு நடக்குது."

கேப்டன் கோலைப் பிடித்தார். உழைப்பு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தார். இந்தத் தேசம் வெந்நீராலும் தோள்பட்டையாலும் கட்டப்பட்டது என்றார். கூடையில் கிடந்த பாகங்களைக் கோலால் சுட்டிக்காட்டினார். "பாருங்க இதை. நீலப்பூச்சு தேஞ்சு போயி, ஒரு சீருமில்ல சிறப்புமில்ல. துப்பாக்கிய மதிக்காதவங்க கையில இருந்தா இப்படித்தான் ஆகும்." இருபது வருஷமாகத் தன் இடுப்பில் தொங்கிய துப்பாக்கியை அவர் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துக் கிடந்தால் அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்?

வில்டா ஓப்பலைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று கண்ணால் கேட்டாள். ஓப்பல் லேசாகத் தலையாட்டினாள். வேண்டாம், பேசட்டும்.

பன்னிரண்டு நிமிஷம் பேசிவிட்டு, கேப்டன் தீர்ப்பையும் முன்கூட்டியே சொன்னார். "இந்தத் தண்ணியில குளிச்ச துப்பாக்கி நாளைக்குக் கோட்டுல நிக்காது. இது என் முடிவு. மத்தவங்க பேசலாம்."

ஆற்றுக்காற்று ஈரமாக வீசியது. கூடையில் இருந்த இரும்பு தேநீர்க்கறை போல நிறம் மாறத் தொடங்கியது.

"எவரெட், எண்ணெயாவது..."

"ஓப்பல், கோல் உன் கையில இருக்கா?"

அடுத்து ஹார்லன். பல் டாக்டர். இருபது மைல் தள்ளி அவருடைய மருத்துவமனை. "என் கிளினிக்ல இதே தொட்டி ரெண்டு இருக்கு. பல் புடுங்கற கொறடு கழுவறதுக்கு இதைவிட்டா வேற கிடையாது. ஆனா நண்பர்களே, துப்பாக்கி என்ன கொறடா? கொறடுக்கு ஆத்மா இல்ல. துப்பாக்கிக்கு இருக்கு." ஆத்மாவைப் பற்றி அவர் ஒன்பது நிமிஷம் பேசினார். அதற்குள் கூடையில் கிடந்த குண்டறை உருளை மஞ்சள் பூசிக் குளித்தது போல ஆயிற்று.

மூன்றாவது ஆள் தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்றவர். மின்சாரமே ஆபத்து என்றார். நான்காவது ஆள் தூங்கிப்போய், எழுப்பியதும் "நானும் அதையே சொல்றேன்" என்றார். ஐந்தாவது ஆளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கோல் கைக்கு வந்துவிட்டதே, அதை வீணாக்க மனமில்லாமல் தன் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்.

அதற்குள் கூடையில் இருந்தது செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. நாய்கள்கூட சலித்துப்போய்க் கிளம்பிவிட்டன.

கடைசியில் கோல் வில்டாவிடம் வந்தது. கட்டைவிரலை ஒதுக்கி நான்கு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றதுக்கு ரொம்ப ஒண்ணும் இல்ல, கேப்டன். அது என் துப்பாக்கி இல்ல."

"பின்ன யாருது?"

வில்டா கோலை ஓப்பலிடம் நீட்டினாள். ஓப்பல் அதை வாங்கிக்கொண்டு, மற்றக் கையால் ஏப்ரன் பையிலிருந்து வால்நட் பிடியை எடுத்துக் கூடையின் மேல் வைத்தாள். வெள்ளிக் கழுகு பளபளத்தது. அந்தக் கழுகைத் தெரியாதவர் முகாமில் யாரும் இல்லை.

கேப்டன் குனிந்து கழுகைப் பார்த்தார்.

"தொடைக்கணும்னு சொன்னேன்," என்றாள் ஓப்பல். "ரெண்டு தடவை சொன்னேன்."

கேப்டனின் முகமும் கூடையில் இருந்ததும் ஒரே நிறத்தில் இருந்தன. முதலில் துரு என்றார். பிறகு தொட்டியை மோந்து பார்த்து, சோப்பா என்றார். ஓப்பல் எலுமிச்சை என்றாள். அவர் மரக்கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஹார்லன் தொண்டையைக் கனைத்தார். "தீர்ப்பு தீர்ப்புதான். கேப்டன் துப்பாக்கி நாளைக்கு நிக்காது. ரொம்ப வருத்தமா இருக்கு." மூன்றாம் இடத்தில் இருந்தவர் அவர். வருத்தத்தில் பல் பதினாறும் தெரிந்தது. "அப்ப வில்டா துப்பாக்கி? அதை எதுல கழுவின, வில்டா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். துப்பாக்கி எண்ணெய் மினுக்கோடு உறைக்குள் இருந்தது. வெந்நீர், துணி, தோள்பட்டை என்று சொல்லியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது. பதினான்கு வருஷம் காத்திருந்த இரண்டு புள்ளி அந்த ஒரு பொய்யில் பத்திரமாக இருந்திருக்கும்.

"அதே தண்ணியிலதான்," என்றாள் வில்டா. "கேப்டனோடதுக்குக் கொஞ்சம் முன்னால. அக்டோபர்ல விரல் மூட்டைத் திருகாணி போட்டு முடுக்கப் போறாங்க. இது எனக்குக் கடைசி. குச்சிய இழுத்தா நாளைக்குச் சுட முடியாது, இழுக்கலைன்னாலும் சுட முடியாது. அதான் கொண்டு வந்தேன். ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே விதியா சொல்லிடுங்க. நிக்கலாம்னா ரெண்டும் நிக்கட்டும். கூடாதுன்னா ரெண்டையும் எடுத்துருங்க."

இப்போது எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். உழைப்பு ஒரு தட்டில் இருந்தது. பன்னிரண்டாவது சட்டி மறு தட்டில் இருந்தது. வெகு நேரம் யோசித்தவர் போல ஒரு அரை நிமிஷம் இருந்தார்.

"இந்த... இந்தத் தொட்டி," என்றார் மெதுவாக. "அடிப்படையில இது என்ன? வெந்நீர் இருக்கற ஏனம்."

"ஏனம் அப்பவே இருந்துச்சு," என்றார் தொலைபேசிக்காரர்.

"சத்தம்?"

"சர்ச் மணியெல்லாம் 1860க்கு முன்னாடியே அடிச்சுக்கிட்டுதான இருந்துச்சு, கேப்டன்," என்றார் முழங்கால்காரர்.

ஆக, மணியோசை பட்டு நடுங்கும் வெந்நீர்ப் பானை 1860க்கு முற்பட்டதே என்று குழு தீர்மானித்தது. ஹார்லன் மட்டும் கையைத் தூக்கவில்லை. பெட்டியை மூடி வைக்க வேண்டும், "சோளமாவு" என்ற எழுத்து வெளியே தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலைந்ததும் கேப்டன் கூடையைத் தூக்கி ஓப்பலிடம் நீட்டினார். ஓப்பல் வாங்கவில்லை. வில்டாவின் ஸ்டூலில் உட்கார்ந்து தகரக் குவளையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"துணி எங்க இருக்கு?" என்றார்.

"நாற்பது நிமிஷம் பாடம் எடுக்கறியே எவரெட், அதுல சொல்லலையா?"

அன்று ராத்திரி ஹார்லன் ஒரு நோயாளிக்கு அவசரமாகப் பல் வலி என்று காரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். காலையில் அவருடைய ரிவால்வர் கண்ணாடி போல இருந்தது. வெந்நீரும் துணியும் செய்கிற அற்புதம் என்று சோதனைக்குழு வியந்தது.

கேப்டனும் கழுவியிருந்தார். துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, பயத்தில் அரைப் போத்தல் எண்ணெயை உள்ளே ஊற்றியிருந்தார். வெள்ளைத் துணி எண்ணெயில் நனைந்து வெள்ளையாகவே வெளியே வந்ததால் சோதனையிலும் தேறிவிட்டார். எண்ணெய் போட்ட துப்பாக்கியில் மருந்து நிரப்புவதற்கு முன்னால் மருந்தைப் பற்றவைக்கிற கேப் என்னும் சின்னச் செப்புத் தொப்பிகளை மட்டும் வைத்து இரண்டு சுற்றுச் சுட்டு, துளையில் நிற்கும் எண்ணெயை எரித்து விரட்ட வேண்டும். புல்லுக்கு நேராகப் பிடித்துச் சுட்டால் புல் ஆடும். ஆடினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாரோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். யார் என்று கேப்டன் யோசித்ததில்லை.

முதல் குண்டுக்குச் சுத்தியல் விழுந்தது. டிக். கேப் மட்டும் வெடித்தது. இரண்டாவது டிக். மூன்றாவது டிக். நாலாவதில் ஒரு பெருமூச்சு வந்து, குண்டு குழலை விட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் பத்தடி தள்ளி விழுந்தது. கேப்டன் பதினான்காம் இடத்தில் முடித்தார். அந்தப் போட்டியில் பதினான்கு பேர்தான் சுட்டார்கள்.

வில்டா இருபது குண்டுவரை கட்டைவிரலால் இழுத்தாள். இருபத்தொன்றாவதில் விரல் கையை விட்டுப் போய்விட்டது. மிச்சம் பத்துக்கும் இடது உள்ளங்கையால் சுத்தியலைத் தள்ளித் தள்ளி நிமிர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தாள். புகை கலைந்து இலக்கு தெரியும்வரை நின்று, தெரிந்ததும் சுட்டாள். ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. இனிமேல் அவசரப்பட எதுவும் மிச்சமில்லை.

ஹார்லனைவிட ஒரு புள்ளி கூட. பெயரை அறிவித்தபோது, முகத்தைப் பார்த்தால், பல் வலி நோயாளிக்கு இல்லை, ஹார்லனுக்குத்தான் என்று தெரிந்தது.

கேப்டன் பரிசு வழங்கிப் பேச வேண்டியிருந்தது. உழைப்பைப் பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்து, நடுவில் ஓப்பலின் கண்ணைப் பார்த்துவிட்டு, "வாழ்த்துக்கள்" என்று முடித்துக்கொண்டார். சங்க வரலாற்றிலேயே மிகச் சிறிய பேச்சு அது.

கூட்டம் சோள ரொட்டிக்கும் பீன்ஸுக்கும் கலைந்துகொண்டிருந்தபோது வில்டா தன் ரிவால்வரில் ஐந்து அறைக்கு மருந்தும் குண்டும் போட்டு, ஓப்பலிடம் கொடுத்தாள்.

"எத்தனை தடவை சுட்டிருக்க?"

"நானா?" என்றாள் ஓப்பல். "கழுவத்தான் கழுவியிருக்கேன்."

ஐந்து குண்டும் மண்மேட்டில் போய்ப் புதைந்தன. ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. ஓப்பல் புகைக்குள் நின்று இருமினாள், கண்ணில் நீர் வந்தது, காது அடைத்தது, வாயெல்லாம் கந்தகம். "அடேயப்பா," என்றாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

கேப்டன் எவரெட் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓப்பல் திரும்பி, கரிபிடித்த ரிவால்வரை அவர் கையில் வைத்தாள்.

"சூடு ஆறறதுக்குள்ள கழுவிடு," என்றாள். "எனக்கு இன்னொரு சுத்துச் சுடணும்."